மாஸ்டர் கிழித்த கோடு

பால் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டரின் வலது கால் சமையலறைத் தரையை ஓங்கி அழுத்துகிறது. கூடத்தில் நடை பழகும் மகள் பெரியவள் மேஜைக் காலைக் குறிவைத்துத் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறாள். மாஸ்டர் இன்னும் அழுத்துகிறார். பெரியவள் நிற்கவில்லை. டங்கென்று ஒரு சத்தம், பிறகு அழுகை. சமையலறைத் தரையில் பிரேக் கிடையாது என்று அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பிழைப்பு நடத்திய காலுக்குத்தான் அது தெரியவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவருடைய தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கத்தாமல் சொல்லிக்கொடுப்பவர் என்று நல்ல பெயர். சிக்னலில் நாலாவது தடவையாக வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் அலறும் ஹாரன்களைக் கேட்டு வியர்த்துப்போகும் ஐம்பத்திரண்டு வயது அதிகாரியிடம், "அவங்களும் ஒரு நாள் இப்படி நின்னவங்கதான் சார், நிதானமா சாவியைத் திருப்புங்க" என்பார். அவரிடம் கற்றவர்கள் அவரை மறப்பதில்லை. மறக்க முடிவதில்லை என்றால் இன்னும் சரியாக இருக்கும். "லைசென்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆச்சு மாஸ்டர். வண்டியில நான் மட்டும்தான் இருக்கேன், ஆனா திருப்பத்துக்குத் திருப்பம் உங்க குரல் கேக்குது" என்று ஒரு பெண்மணி சொன்னார். மாஸ்டர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பாடத்தில் அவர் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். நாற்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டு, நாற்பத்தொன்றில் தகப்பனான அவருக்கு, மகளுக்கு ஏழு மாதம் ஆனபோதே வீட்டில் அடுத்த செய்தி வந்துவிட்டது. பயிற்சிப் பள்ளியில் சும்மா விடுவார்களா?

"என்ன மாஸ்டர், இடைவெளி விடலியே?"

"முன்னாடி வண்டி சடன் பிரேக் போட்டா என்ன பண்ணுவீங்க மாஸ்டர்?"

காது மடல் வரை சிவந்துபோன மாஸ்டர், குடிக்காத டீயைக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். அன்றைக்கு வந்த மாணவருக்கு இடைவெளிப் பாடத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார் என்றும் கேள்வி.

தம்பி பிறந்த அன்று மகளுக்குப் பதினைந்து மாதம். அதுவரை அவள் பாப்பா. அன்று சாயங்காலம் முதல் அவள் பெரியவள். எந்த அலுவலகத்திலும் இவ்வளவு சீக்கிரம் பதவி உயர்வு கிடைக்காது. அதற்கேற்ற சலுகைதான் எதுவும் இல்லை. இருந்த மடியும் போயிற்று. அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் மொத்தம் ஐந்து. கீழே விழாமல் நடக்கத் தெரிந்து இரண்டு மாதம். "பெரியவ, நீதான் பொறுப்பா இருக்கணும்" என்று வருகிறவர் எல்லாம் சொன்னார்கள். அவள் வாயில் விரலைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

மாஸ்டரின் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, "இப்ப தெளிவா தெரியுதா? இப்ப?" என்று நாளெல்லாம் கேட்கிறவள். இரண்டு பிரசவமும் அறுவை சிகிச்சை. இந்தத் தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: "ஆறு வாரத்துக்குச் சின்னவனைத் தவிர வேற எதையும் தூக்கக் கூடாது." வேற எதையும் என்றால் தண்ணீர் வாளி, துணிக்கூடை என்று மாஸ்டர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பத்துக் கிலோவில் வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பது அவர் பட்டியலில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா கட்டிலில் உட்கார்ந்ததுதான் தாமதம், ஐந்து நாளாக மாடி வீட்டு அக்காவிடம் இருந்த பெரியவள் ஓடி வந்து கட்டிலில் தொற்றி ஏறினாள். ஏறுகிற வேகத்தில் முழங்கால் சரியாகத் தையலில் போய் இடித்தது. அம்மா போட்ட சத்தத்தில் சின்னவன் வீறிட்டான், பெரியவள் பயந்து அலறினாள், மாஸ்டரின் முகம் வெளுத்துப்போயிற்று. அந்தச் சத்தம் இரண்டு நாள் அவர் காதிலேயே இருந்தது. அடுத்த நாள் பயிற்சி மைதானத்தில் வண்டி நிறுத்தும் கட்டங்களுக்கு ஒட்டுகிற மஞ்சள் டேப்பில் ஒரு சுருளை எடுத்துக்கொண்டு வந்தார்.

கட்டிலின் ஒரு பக்கம் சுவர். மற்ற மூன்று பக்கமும் ஒரு முழம் தள்ளி, அளந்து, குனிந்து, மஞ்சள் கோடு ஒட்டினார். மூலைகள் கச்சிதமாகச் சதுரமாக வந்தன. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க இது, என்னை பார்க் பண்ணிட்டீங்களா?"

"உனக்கில்லம்மா. அவளுக்கு."

"பதினஞ்சு மாசக் குழந்தைக்குக் கோடு புரியுமா?"

"நிக்க மாட்டேன்னு அடம்புடிச்ச எத்தனை பேரை நிக்க வச்சிருக்கேன். நீ பாரு."

அவருடைய முறை எளிமையானது. பெரியவள் கோட்டை நெருங்கும்போது உள்ளங்கையைக் காட்டி, மெதுவாக, "ஸ்டாப்" என்பார். நின்றால் கைதட்டி, ஓர் உலர் திராட்சையைக் கையில் வைப்பார். நிற்காவிட்டால் திட்டுவதில்லை, தூக்கிக்கொண்டு போய் வாசற்படியில் விட்டு, மறுபடியும் முதலிலிருந்து. ஒரே நாளில் முப்பது தடவை, நாற்பது தடவை. அலுக்காத மனுஷர். மூன்றாம் நாள் காலையில் பெரியவள் தானாக வந்தாள், மஞ்சள் கோட்டை ஒட்டி, ஒரு கால்விரலும் அதில் படாமல் நின்றாள், தானே கைதட்டினாள், திராட்சைக்குக் கையை நீட்டினாள்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் படம் பிடித்துப் பள்ளியில் எல்லோருக்கும் காட்டினார். "பதினஞ்சு மாசம்! கோட்டுல நிக்க நம்ம அதிகாரி சாருக்கு நாலு மாசம் ஆச்சு!" மாடி வீட்டு அக்கா, தன் பிள்ளைகள் கல்லூரிக்குப் போயும் ஒரு சொல் கேட்பதில்லை என்று பெருமூச்சு விட்டாள். அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாத பெண் என்று தெருவில் பேச்சு. அம்மா கட்டிலை விட்டு எழுந்து நடக்கிற நேரங்களில் கோடு உதவாது; அப்போது மாஸ்டரே குறுக்கே வந்து உள்ளங்கையைக் காட்டி நின்றுகொள்வார்.

முதல் வாரம் பெரியவள் கோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்குவாள். தூக்கிக்கொள் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே பாஷை அதுதான். சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் அம்மா, "அம்மாவுக்கு வயித்துல புண்ணுடி கண்ணு, கொஞ்ச நாள்தான்" என்பாள். கொஞ்ச நாள் என்றால் என்ன என்பது அந்த ஐந்து வார்த்தைகளில் இல்லை. இரண்டாம் வாரம் ஒரு கை மட்டும் உயர்ந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அதற்குப் பதில் அவள் ஒரு வேலை கண்டுபிடித்தாள். சின்னவனின் மடித்த துணிகளைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து கோட்டின் மேல் வைப்பாள். வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். வந்தவர்களுக்கு வியப்பு தாங்கவில்லை. தம்பி மேல் எவ்வளவு பாசம், அம்மாவுக்கு எவ்வளவு ஒத்தாசை! மனைவி ஒரு நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அவ என்னைப் பாக்க வரல. சரக்கு இறக்கிட்டுப் போறா."

"பொறுப்பு வந்துடுச்சும்மா அவளுக்கு."

"பதினாறு மாசத்துல எதுக்குங்க அவளுக்குப் பொறுப்பு?"

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் இப்போது மாஸ்டர்தான். பாடங்களைக் காலையிலும் சாயங்காலத்திலுமாக ஒதுக்கிக்கொண்டு பகலெல்லாம் வீட்டில் இருந்தார். விழுந்தாலும் பெரியவள் "ப்பா" என்றுதான் அழுதாள். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வதை அவர் பார்க்காமல் இல்லை. புண் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு, "இனிமே தாராளமா தூக்கலாம்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி சிரித்த முகமாக இருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னவனை மாஸ்டர் கையில் கொடுத்தாள், முகம் கழுவினாள், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள்.

"வாடி தங்கம். அம்மாகிட்ட வா."

பெரியவள் வந்தாள். மஞ்சள் கோட்டில் நின்றாள். கைதட்டினாள். திராட்சைக்காக அப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினாள்.

அம்மா எழுந்து போய் அவளைத் தூக்கினாள். ஆறு வாரமாகக் காத்திருந்த பாரம். ஆனால் பெரியவள் உடம்பை விறைத்துக்கொண்டு, அம்மாவின் தோளுக்கு மேலாக அப்பாவை நோக்கிக் கையை நீட்டி, "ப்பா, ப்பா" என்று நெளிந்தாள். அடுத்த வீட்டுக்காரியிடம் மாட்டிக்கொண்ட குழந்தை அப்படித்தான் நெளியும். அம்மா அவளை மெதுவாக இறக்கிவிட்டாள். அழவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

"ரெண்டு நாள்ல பழக்கினவனுக்கு ரெண்டு நாள்ல மாத்தத் தெரியாதா?" என்று மண்டியிட்டு டேப்பைச் சர்ரென்று உரித்தார். மூன்று பக்கமும் உரித்து, பிசின் கறை போகத் துடைத்தார். பெரியவள் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசற்படியிலிருந்து வந்து, கோடே இல்லாத தரையில், கோடு இருந்த இடத்தில் துல்லியமாக நின்றாள். பயிற்சி மைதானத்தில் இப்படி நிற்கும் மாணவருக்கு மாஸ்டர் அன்றே முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்.

ஐந்து நாள் போராடினார். திராட்சையைக் கட்டில் பக்கம் வைத்துப் பார்த்தார். அவள் அங்கேயே நின்று ஏக்கத்தோடு பார்த்தாள். "போ, போ, கோடு இல்ல பாரு" என்று தரையைத் தடவிக் காட்டினார். அவள் தரையைப் பார்க்கவில்லை, அவர் உள்ளங்கையைப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்; முகத்தைப் பார்த்தாள். கோடு இருந்த இடத்தைத் தானே தாண்டிக் குதித்துக் காட்டினார். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது, சிரித்தாள், நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பதினெட்டு வருஷத்தில் நிறுத்தக் கற்றுக்கொடுத்தது தவறு என்று அவர் ஒரு தடவையும் நினைத்ததில்லை. ஆறாம் நாள் காலையில் சின்னவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மனைவியிடம் வந்து நின்றார்.

"நான் கெடுத்துட்டேன்" என்றார்.

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க சொல்லாம அவ காலை எடுத்து வைக்க மாட்டா."

"நான்தான் போ போன்னு சொல்றேனே."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க சொல்லிட்டே இருக்கீங்க. அவ உங்களைத்தான் பாக்குறா, என்னை இல்ல." கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. வாயைத் திறக்காதீங்க."

"விழுந்துட்டான்னா?"

"விழட்டும். நான் இருக்கேன்."

மாஸ்டர் சின்னவனோடு பீரோவைப் பார்த்துத் திரும்பி நின்றார். பீரோக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதன் ஓரத்தில் கட்டிலும் தெரிந்தது, தன் இடத்தில் வந்து நின்றுகொண்டிருந்த பெரியவளும் தெரிந்தாள்.

"கண்ணாடியும் கூடாது" என்றாள் மனைவி.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதலில் "ப்பா" என்று ஒரு குரல் வந்தது. தொண்டை வரை வந்த பதிலை மாஸ்டர் விழுங்கினார். மறுபடியும் "ப்பா." சின்னவனின் மூச்சு அவர் கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. மனைவி கூப்பிடவில்லை, கூப்பிடாமல் உட்கார்ந்திருக்க அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவர் நினைத்தார். வெகு நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு தரையில் வெறுங்கால் ஒன்று பதியும் சத்தம். இன்னொன்று. நின்றது. அப்புறம் சடசடவென்று நாலைந்து. கட்டில் பலகை கிரீச்சிட்டது. துணி உரசியது. "ம்மா" என்று யாரோ எதற்குள்ளோ முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. மனைவி மூச்சை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது வலியால் அல்ல.

"திரும்பட்டுமா?" என்று மாஸ்டர் மெல்லக் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கண்ணைத் திறக்காமல், சின்னவனின் முதுகைத் தட்டிக்கொண்டு, அப்படியே நின்றார்.