அடையாள அட்டையைக் கழற்றியவர்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுப் படியில் கால் வைப்பதற்கு முன்னால், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக நான் பார்த்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் மாணவர் நலனைக் கவனிக்கிற அதிகாரி அட்டையை ஏன் மறைக்க வேண்டும்?

அங்கே மூத்த மாணவர்களின் பகிடிவதையில் அடிபட்டுத் திரும்பிய என் தம்பி அப்போது வெளியே தலைகாட்டாமல் கிடந்தான். மஸ்கெலியா பொலிஸில் முறையிட முடிவு செய்திருந்தோம். அதற்கு முந்தின நாளாகப் பார்த்து இவர் வந்து நின்றார். மெலிந்த உடம்பு, மழையில் நனைந்த சப்பாத்து, பேச்சு மட்டும் அப்படியே எங்கள் தோட்டத்துப் பேச்சு. ஆள் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அட்டைய ஏங்க கழட்டினீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"கேம்பஸ்லயிருந்து ஆள் வந்திருக்குன்னா, ஒங்க தம்பிதான் ஏதோ தப்பு பண்ணிட்டான்னு லயமே பேசும்ங்க."

பல வீடுகளில் சொல்லிப் பழகிய பதில் போல இருந்தது.

தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பியவரைத் தம்பி தானாகவே எழுந்து பஸ் ஏற்றிவிடப் போனான். திரும்பி வந்ததும், "பொலிசெல்லாம் வேணாம்க்கா, நான் கேம்பஸ் போறேன்" என்று உடுப்பை அடுக்கினான். வழியில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

போனில் கேட்டால், "சார் பாத்துக்கிறாருக்கா" என்கிறான். அவர் பார்த்துக்கொள்வது என் தம்பியையா, பல்கலைக்கழகத்தின் பெயரையா?

போன லீவுக்குத் தம்பி வந்தான். லயத்துப் படியில் கால் வைப்பதற்கு முன்னால், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.