எஞ்சின் மூடியில் இருந்த கீறல்

விரைவுச்சாலை விபத்தில் அண்ணன் இறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அவனுடைய மோட்டார் சைக்கிள் போலீஸிடமிருந்து திரும்பி வந்தது. அதன் அலுமினிய எஞ்சின் மூடியை அவன் வாரக்கணக்கில் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கி வைத்திருந்தான். இப்போது அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கீறல்கள், இடுக்குகளில் தாரின் கறுப்பு. அண்ணி பார்த்தால் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். பிறகு பாலிஷ் தடவித் துடைத்தேன். மாலைக்குள் ஒரு கோடுகூட மிஞ்சவில்லை.

வேலை முடிந்து வந்த அண்ணி வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எந்தப் பக்கமா விழுந்துச்சு?"

மூடியைக் காட்டினேன். "இங்கதான் அண்ணி. எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன். இப்ப ஒண்ணுமே தெரியாது லா."

"யாரு தம்பி உங்கள கீறல எடுக்கச் சொன்னா? நான் இன்னும் பாக்கவே இல்லையே."

அவர் குரலை உயர்த்தவில்லை. மூடியின்மேல் விரல்களை வைத்து, எதையோ தேடுவதுபோல் மெல்லத் தடவினார். சற்று நேரத்தில் மின்தூக்கியை நோக்கி நடந்துவிட்டார். அடுத்த மாதம் வண்டியை விற்றோம்.