அம்மனுக்கு ஒரு ரிட்டர்னபிள் கேட் பாஸ்

ஐந்தாவது வரிசை

ஆடி வெள்ளி, மதியம் மூன்றரை மணி. ஒரகடத்தில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு ஒரே கேட். அந்த கேட்டின் உள்பக்கம், வேப்பிலை கட்டிய டிராக்டரில் எல்லையம்மன் வெளியே போகக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சீல் வைத்த கன்டெய்னர் லாரி என்ஜினை ஓடவிட்டபடி நின்றது. இரண்டுக்கும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் கஸ்டம்ஸ் ஆபீசர் முத்தையா. அவர் கையில் நான் தயாரித்த கேட் பாஸ்.

"அஞ்சாவது ஐட்டம், சேவல், உயிரோட, ஒண்ணு. எங்கம்மா அது?" என்று கேட்டார்.

சேவலைக் காணோம்.

ஐந்து மணிக்குள் கன்டெய்னர் கிளம்பாவிட்டால் துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க முடியாது. அது ஜப்பான் கஸ்டமருக்கு எங்கள் முதல் ஆர்டர். இது தவறினால் இரண்டாவது கிடையாது என்று பிளான்ட் ஹெட் காலையிலேயே சொல்லியிருந்தார். விளக்கு வைப்பதற்குள் அம்மன் கோயில் திரும்பாவிட்டால் ஊர் சும்மா இருக்காது. இரண்டுக்குமான காகிதங்களிலும் கம்பெனி தரப்பில் இருந்தது ஒரே கையெழுத்து, என்னுடையது.

டாக்குமென்டேஷன் செக்ஷனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இப்போது வகுப்பு எடுக்கிறார்கள். அரசாங்கம் நிலம் தரும், ரோடு தரும், வரிச் சலுகை தரும், கம்பெனி வேலை தரும், டாலர் கொண்டுவரும், நாடு வளரும். அம்புக்குறி எல்லாம் போட்ட அழகான ஸ்லைடுகள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றிலும் சேவல் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமைதிக் கூட்டம்

நாங்கள் காருக்கு ஸ்டீயரிங் பாகங்கள் செய்து ஏற்றுமதி செய்கிறவர்கள். கம்பெனி இருப்பது சிறப்புப் பொருளாதார மண்டலத்தில். கால் வைத்திருப்பது ஒரகடம் மண்ணில்தான் என்றாலும், சுங்கச் சட்டத்தின் கணக்கில் அது வெளிநாடு மாதிரி. உள்ளே போகிற ஒரு ஆணிக்கும் காகிதம் வேண்டும், வெளியே வருகிற ஒரு ஆணிக்கும் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம்தான் என் பிழைப்பு. முன்பு வேலை பார்த்த கம்பெனிகளையும் சேர்த்து, அப்போதே பதினெட்டு வருடமாக ஒரு ஆணிகூடக் கணக்கில் குறைந்ததில்லை என்கிற திமிர் எனக்கு இருந்தது.

பக்கத்து ஊரின் எல்லைக்கல் சரக்கு ஏற்றும் எங்கள் டிஸ்பாட்ச் யார்டுக்குள் மாட்டிக்கொண்டதுதான் வினை. வருடத்துக்கு ஒருமுறை எல்லையம்மன் அந்தக் கல்லுக்கு வந்து பூஜை வாங்கிக்கொண்டு போவாள். காம்பவுண்ட் சுவர் முடியாமல் கிடந்த இரண்டு வருடமும், சுவர் இல்லாத பக்கமாக வந்துவிட்டு அப்படியே போய்விட்டாள். கம்பெனி அதைப் பார்க்கவில்லை. அரசாங்கமும் பார்க்கவில்லை. அரசும் தொழிலும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை நான் பிறகு கண்டதில்லை.

மூன்றாம் வருடம் சுவர் முடிந்தது. தாசில்தார் அமைதிக் கூட்டம் கூட்டினார். ஊர் சார்பில் கோயில் தர்மகர்த்தா எல்லப்பன் வந்திருந்தார். அறுபது வயது. எங்கள் யார்டு இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெல் போட்டவர். அவருடைய மகள் சுமதி எங்களிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். கம்பெனி சார்பில் பிளான்ட் ஹெட்டும் நானும் போனோம். முத்தையா சார் திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர்தான், சட்டப் புத்தகத்தைத் திறக்காத வரையில். அன்று அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"அம்மன் உள்ள போனா அது எக்ஸ்போர்ட்டு. திரும்பி வந்தா இம்போர்ட்டு. நான் சொல்லலை, சட்டம் சொல்லுது" என்றார்.

எல்லப்பன் அவர் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு இன்னா சார், பாஸ்போர்ட் எடுக்கணுமா?"

தாசில்தார் தண்ணீர் குடித்தார்.

"நெலம் கேட்டீங்கோ, குடுத்துட்டோம். கல்லக் குடுக்கலயே" என்றார் எல்லப்பன் மறுபடியும். இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். ரிப்பேருக்கு வரும் மோல்டு, டெஸ்டிங்குக்கு வரும் மெஷின் எல்லாம் ரிட்டர்னபிள் கேட் பாஸில்தானே வந்து போகின்றன? உள்ளே வந்தது சொன்ன நேரத்துக்குள் அப்படியே திரும்பிப் போனால் இம்போர்ட்டும் இல்லை, எக்ஸ்போர்ட்டும் இல்லை. அம்மனையும் அப்படிக் கொண்டுவரலாமே என்றேன். எல்லோரும் என்னை மெச்சிப் பார்த்தார்கள். மெச்சினால் எனக்குத் தலை கால் புரியாது.

அங்கேயே உட்கார்ந்து ஃபார்ம் நிரப்பினோம். முதல் வரிசை, அம்மன், ஒன்று. மதிப்பு என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தகராறு வந்தது. சாம்பிள்களுக்குப் போடுகிற மாதிரி 'வணிக மதிப்பு இல்லை' என்று போட்டேன். எல்லப்பனுக்கு முகம் மாறியது. விற்பனைக்கு இல்லை என்று அர்த்தம் ஐயா என்று விளக்கினேன். "அது கரெக்டு" என்று சமாதானமானார். பிறகு தேங்காய் இருபத்தொன்று, கற்பூரம் அரைக் கிலோ, கூழ் நான்கு அண்டா, சேவல் ஒன்று.

'பூஜைப் பொருட்கள்' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். யார் கேட்டார்கள் தனித்தனியாக? என் திமிர் கேட்டது. சுங்க வரிப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே உயிருள்ள விலங்குகள்தான். பதினெட்டு வருட சர்வீஸில் அந்த அத்தியாயத்தை எனக்குத் திறக்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. விட மனசு வரவில்லை.

"சேவல் எதுக்கு?" என்றார் முத்தையா சார்.

"கல்லாண்ட சுத்திக் காட்டி அறுப்போம் சார்."

"உள்ள வச்சு அறுக்கப்பிடாது. அறுத்தா அது மேனுஃபாக்சரிங் ஆயிரும். இவங்களுக்கு ஸ்டீயரிங் செய்யத்தான் பெர்மிஷன் இருக்கு."

கடைசியில், சேவலைக் கல்லில் சுற்றிக் காட்டிவிட்டு, உயிரோடு வெளியே கொண்டுபோய், கோயிலில் வைத்து அறுப்பது என்று எழுதி, தாசில்தார், முத்தையா சார், எல்லப்பன், நான் என நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். சேவலைக் கேட்கவில்லை.

கூழ் நேரம்

அம்மன் காலை பதினொரு மணிக்கு பம்பை உடுக்கையோடு உள்ளே வந்தாள். நான் கேட்டில் நின்று தேங்காய்களை இரண்டு முறை எண்ணினேன். ஷிப்டில் இருந்த பெண்கள் கேண்டீன் பிரேக்கில் ஓடிவந்து கும்பிட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கும்பிட்டதற்காக பிளான்ட் ஹெட் அவர்களைப் பாராட்டினார்.

பூஜை நடக்கும்போதே, பத்தடி தள்ளி ஏற்றுமதிப் பெட்டிகளைக் கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஏற்றி முடித்ததும் ஆபீசர் உள்ளே எட்டிப் பார்த்து, 'என் முன்னிலையில் ஏற்றப்பட்டது' என்று எழுதி சீல் வைக்க வேண்டும். கம்பெனி தரப்பில் நானும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரம் பார்த்து முத்தையா சாருக்குக் கூழ் வந்தது. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கூட வந்தன. அவர் இரண்டாவது சொம்பில் இருந்தபடியே சீலைக் கொடுத்தனுப்பிக் கையெழுத்துப் போட்டார். நானோ உடைந்த தேங்காய் மூடிகளை எண்ணியபடியே போட்டேன்.

மூன்று மணிக்குப் பொருள்கள் வெளியே போகும் கணக்கு ஆரம்பித்தது.

"உள்ள வந்தது இருபத்தொரு தேங்காய். வெளிய நாப்பத்திரெண்டு போகுது. எப்படிம்மா?"

"உடைச்சது சார். மூடி மூடியா இருக்கு."

கால்குலேட்டரில் இரண்டால் வகுத்துப் பார்த்துவிட்டு டிக் அடித்தார். கற்பூரம் எரிந்துபோனதை 'ப்ராசஸ் லாஸ்' என்று எழுதினோம். கூழைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதில் இரண்டு சொம்பு அவருக்குள்ளேயே இருந்தது. ஐந்தாவது வரிசைக்கு வந்தபோது, டிராக்டரில் சேவலைக் கட்டியிருந்த மஞ்சள் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

தேடாத இடம் இல்லை. சுமதி ஃபோர்க்லிஃப்டில் ஏறி ரேக் மேலெல்லாம் பார்த்தாள். குவாலிட்டி செக்ஷன் ஆட்கள் டார்ச் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிளான்ட் ஹெட் பெயின்ட் ஷாப்பில் நின்று "பா, பா" என்று கூப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

"கலா, வேற சேவல் வாங்கிட்டு வந்து காட்டிடலாமா?" என்று என் காதில் கேட்டார்.

"அது உள்ள வர்றதுக்கே தனி பாஸ் போடணும் சார்" என்றேன். அவர் என்னை அன்று பார்த்த மாதிரி அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லப்பன் ஆபீசரிடம் போனார். "சார், ஒரு சேவலு. வுட்டுட்டுப் போறோமே."

"எனக்கு மட்டும் ஆசையா ஐயா? உயிரோட திரும்பணும்னு நீங்களும்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சேவல் வராம அம்மனை விட்டேன்னா என் வேலை போயிரும். ஒரு பாஸ் கணக்கு முடியாம அடுத்த வண்டிக்குக் கேட்டைத் தொறக்கப்பிடாது, அதனால லாரியும் நகராது. நான் என்னத்தச் செய்ய?"

எல்லப்பன் கன்டெய்னரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க நெலத்துக்குள்ள நாங்க வந்து மாட்டிக்கினு கீறோம்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஃபார்மில் ஒரு வரி குறைத்து எழுதியிருந்தால் இந்த மனிதர் இங்கே வெயிலில் நின்றிருக்க மாட்டார்.

நாலேகால் ஆயிற்று.

கன்டெய்னர் கூவியது

பம்பைக்காரர்கள் களைத்துப்போய் நிறுத்தினார்கள். லாரி டிரைவரும் டீசலை மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்தார். காலையிலிருந்து முதல்முறையாக யார்டு அமைதியானது.

அப்போது கன்டெய்னருக்குள்ளிருந்து ஒரு சேவல் தெளிவாகக் கூவியது.

இரண்டாம் முறையும் கூவியது. முத்தையா சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சீல் வைத்த அந்தப் பெட்டியில் ஸ்டீயரிங் பாகங்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சத்தியம் செய்திருந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் மத்திய அரசு, இன்னொருவர் நான்.

வைத்த சீலை உடைக்க வேண்டுமென்றால் முறை இருக்கிறது. கம்பெனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும், அவர் மேலே எழுத வேண்டும், மேலே இருப்பவர் கேள்வி கேட்க வேண்டும். நான் பார்த்தவரையில் இரண்டு நாளுக்குக் குறைந்து அது முடிந்ததில்லை.

"எம்மா, ஒரு வெள்ளப் பேப்பர் எடுங்க" என்றார் முத்தையா சார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் திக்கிய இடத்தில் அவர் எடுத்துக் கொடுத்தார், அவர் மறந்த விதி எண்ணை நான் சொன்னேன். காரணம், 'பெட்டி எண்களை மறுமுறை சரிபார்க்க'. மேலதிகாரிக்கு அவரே போன் போட்டார். "சார், கம்பெனிக்காரங்க ரொம்ப சின்சியரு, இன்னொரு தடவை செக் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்காங்க" என்றார். பதினொரு நிமிடத்தில் அனுமதி வந்தது. நான் மணி பார்த்தேன்.

கதவைத் திறந்தோம். மேல் வரிசைப் பெட்டியின் மேல், கூரைக்கும் அட்டைக்கும் நடுவில் சேவல் உட்கார்ந்திருந்தது. ஜப்பானுக்குப் போகத் தயாராகத்தான் இருந்தது போலிருக்கிறது. சுமதி ஃபோர்க்லிஃப்டில் சரக்கு அடுக்கும் ஒரு காலி மரப் பேலட்டை எடுத்து மேலே தூக்கினாள். சேவல் யோசித்துவிட்டு அதில் ஏறி நின்றது. அவள் அதை மெதுவாக, உடையும் சரக்கை இறக்குவதுபோல இறக்கினாள். ஊர்க்காரர்களில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். பிளான்ட் ஹெட்டும் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அந்தச் சேவலை அறுக்கிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

புது சீல் வைத்து ஐந்தாவது வரிசையில் டிக் அடித்தபோது மணி நாலு ஐம்பது. கேட் திறந்தது. டிராக்டர்தான் முன்னால் நின்றது. ஊர்வலம் வெளியே போய் ரோட்டில் திரும்பவே கால் மணி ஆகும். லாரிக்கு முதலில் வழி விடச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எல்லப்பன் டிராக்டரை ஓரம் கட்டச் சொன்னார். "லாரி முன்னால போவட்டும். கப்பலு நமக்காவ நிக்காது. அம்மா ரெண்டு நிமிசம் நிப்பாங்க" என்றவர், ஃபோர்க்லிஃப்டைக் கைகாட்டினார். "எம் பொண்ணுக்கும் அதுலதான சோறு."

லாரி போயிற்று. கப்பலைப் பிடித்தும் விட்டது. பிறகு அம்மன் போனாள்.

திரும்பியது என்கிற கட்டம்

வகுப்பில் என்னிடம் ஒரு பாடம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அரசாங்கமும் கம்பெனியும் ஒத்துழைத்துப் பார்க்க வேண்டுமானால், இரண்டு பேர் கையெழுத்தும் ஒரே தப்புக்குக் கீழே இருக்க வேண்டும். பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருவன் நோட்டில் எழுதியும் கொண்டான். ஆனால் எனக்குக் கிடைத்த பாடம் அது இல்லை. அதை வகுப்பில் சொல்லவில்லை.

அன்று ஊர்வலம் வெளியே போனதும் நான் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு எல்லப்பனிடம் ஓடினேன். 'திரும்பியது' என்கிற கட்டத்தில் அவர் கையெழுத்து வேண்டும். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு தலைப்பைப் பார்த்தார்.

"ரிட்டர்னபிள்னா இன்னா மேடம்?"

"வந்த பொருள் சொன்ன தேதிக்குள்ள திரும்பிப் போயிடணும் ஐயா. இங்கயே தங்கக் கூடாது."

"உங்க கம்பெனிக்கு நெலம் எத்தினி வருசத்துக்குக் குடுத்துக்கிறாங்கோ?"

"தொண்ணூத்தொம்பது வருஷ லீஸ் ஐயா."

அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தார். "அப்ப அந்த பாஸு உங்களுக்குத்தான் மேடம் போடணும். அம்மா இங்கியேதான் கீறாங்கோ."

வருடா வருடம் அம்மன் வருகிறாள். அதே சேவல், அதே ஐந்தாவது வரிசை. ஒவ்வொரு முறையும் பாஸை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை சரிபார்க்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எல்லப்பன் காட்டிய அந்த ஒரு தப்பைத் தவிர. அதைத் திருத்த என்னிடம் ஃபார்ம் இல்லை.