இரத்தினேஸ்வரி அக்காவின் ஸ்டீல் பான்

நிலாவெளி பஸ் குலுங்கிக் கிளம்பும்போது அக்காவின் கால், முன்னால் வைத்திருக்கும் வாத்தியத்தில் பட்டுவிடும். உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பின் சீட்டில் யாராவது சிரிப்பார்கள்.

"சட்டியையும் கும்பிடுறா, பாருங்கோ!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "சட்டியில்லை, ஸ்டீல் பான். வாசிக்கிற சாமான்."

நானும் சிரித்தவர்களில் ஒருவன்தான். பார்த்தால் சட்டி மாதிரித்தானே இருக்கிறது! எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் அடித்துக் குழித்து, உள்ளே பெரிதும் சிறிதுமாக வட்டங்கள் தட்டியிருக்கிறார்கள். ஒரு வட்டம் ஒரு சுரம். நுனியில் ரப்பர் சுற்றிய இரண்டு குச்சிகளால் தொட்டால் போதும், கணீரென்று பேசும்.

இரத்தினேஸ்வரி அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது, வீடு பாலையூற்றில். நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் விரிப்பு துவைத்து அயன் பண்ணும் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் அதே ஹோட்டல் முற்றத்தில் வெள்ளைக்காரருக்கு வாசிப்பார். அதற்கு முன் ஒன்பது வருடம் உல்லாசக் கப்பலொன்றில் துணி துவைத்தார். கப்பல் வாத்தியக் குழுவில் இருந்த டிரினிடாட்காரர் ஒருவர்தான் குரு.

"அவற்ற சேட்டெல்லாம் நான் அயன் பண்ணிக் குடுத்தனான். அவர் எனக்கு இதைப் பழக்கினவர். ரெண்டு பேருக்கும் சரியாப்போச்சு."

பள்ளிக்கூடத்தில் படித்த சங்கீதத்தை அக்கா தானாகவே அதில் தேடிப் பிடித்தார். கமகத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாள் மடக்கினேன். "வளைக்க ஏலாது தம்பி. உருட்டிறதுதான்" என்றவர், இரண்டு குச்சிகளையும் ஒரே வட்டத்தில் படபடவென்று ஓட்டிக் காட்டினார். அந்தச் சுரம் அறுபடாமல் நின்றது. இன்னொரு தடவை காட்டச் சொன்னேன்.

வெயில் பட்டால் சுருதி குழம்பும் என்று குடையை வாத்தியத்துக்குப் பிடிப்பார். வெயில் முழுவதும் அவர் தலையில்.

ஊருக்குள் வாசிக்க அவரை யாரும் அழைத்ததில்லை. போன ஆவணியில்தான் கூட வேலை செய்யும் கீர்த்தனி தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள். மூன்று மாதம் காம்போதி ராகம் பழகினார் அக்கா. "வெள்ளைக்காரன் கைதட்டுவான், அவனுக்கு இது தெரியும். எங்கட சனம் ஒருக்காச் சட்டியெண்டு சொல்லாமக் கேக்கவேணும். அது போதும் எனக்கு."

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மண்டபத்தில், வெயில் படாத இடமென்று அக்கா குசினி வாசலில் வாத்தியத்தை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். சமையல்காரர் ஆனந்தராசா பார்த்தார். கிடாரம் இறக்கத் தோதான சட்டி! கொதிக்கும் சோற்றுக் கிடாரத்தைத் தூக்கி அதற்குள் வைத்துவிட்டார்.

அக்கா ஓடிவந்து ஒவ்வொரு வட்டமாகத் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மத்திமமும், வாத்தியத்தில் அதற்குப் பக்கத்து வட்டமான நிஷாதமும் டொக்கென்றன. அந்த இரண்டும் இல்லாமல் காம்போதி ஏது? திருத்தவும் அவருக்குத் தெரிந்த ஆள் இங்கே இல்லை.

"தெரியாமச் செய்துபோட்டன் அக்கா. சட்டியெண்டுதான் நினைச்சனான்" என்றார் ஆனந்தராசா.

அக்காவின் முகம் கறுத்தது. அழப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ கண்ணை மூடி விரல் மடித்து எதையோ எண்ணினார்.

"ரெண்டையும் விட்டா மிச்சம் அஞ்சு சுரம். மோகனம் வரும் தம்பி!"

வந்தது. முதலில் பந்திக்காரர்கள் கழுத்தை நீட்டி, "என்னப்பா அது, சட்டியோ?" என்றார்கள். அப்புறம் அந்தக் கதை நின்றது. சாம்பார் வாளியோடு போனவர் நடு வழியில் நின்றார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த தவில்காரர் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் ஒரு தடவைகூடக் குச்சி அந்த நசுங்கின பக்கம் போகவில்லை. எங்கள் பஸ்ஸில் வருகிற அக்கா இவர் என்று அங்கிருந்த எல்லாரிடமும் சொல்லவேண்டும்போல எனக்கு இருந்தது.

முடிந்ததும் அக்கா வாத்தியத்தைக் கீழே வைத்து, உறையை எடுத்தார். ஆனந்தராசா பாயாசக் கோப்பையோடு அவசரமாக வந்தார். வந்த வேகத்தில் அவர் கால் வாத்தியத்தில் பட்டுவிட்டது.

கோப்பையை நிலத்தில் வைத்தார். குனிந்து, அதைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.