வரி முடிவில் நின்ற எழுத்து

அன்றைக்கு நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டில் அம்மா இருந்தா, மாமா இருந்தார், நான் இருந்தேன். அக்கா இல்லை. கோட் தைக்கிற பக்டரியில் அவவுக்குப் பின்னேர ஷிப்ட். அவவுடைய கலியாணத்தைப் பற்றித்தான் நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை டென்மார்க்கில். சின்னதாக ஒரு கிளீனிங் கொம்பனி நடத்துகிறவர். வியாபாரமும் அரசியலும் எழுதுகிற அந்த நாட்டு வாரச் சஞ்சிகை ஒன்று, படத்தோடு அவரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தது. அதைத் தபாலில் அனுப்பியிருந்தார். அட்டையில் யாரோ ஒரு மந்திரி. அம்மா மந்திரியையும் சேர்த்துச் சாமிப் படத்தடியில் வைத்திருந்தா.

“எங்கட ஆளைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான், சும்மா விசயமே?” என்றார் மாமா. “வாசி தம்பி, கேப்பம். நீ கொலிஜ் படிக்கிறனி.”

எங்கள் வீட்டில் ஒழுங்காகப் படித்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அந்த நாட்டு டேனிஷ் பாஷை தெரியாது என்ற ஒரு வசனம் போதும். அது வாயில் வரவில்லை.

“வடிவாப் பாத்திட்டு நாளைக்குச் சொல்லுறன்.”

லைப்ரரியில் டேனிஷ் அகராதி ஒன்று இருந்தது. பாதிச் சொற்கள் பிடிபடவில்லை. வயது விளங்கியது, கொம்பனி விளங்கியது. வயதுக்குப் பிறகு, அடுத்த வரியின் தொடக்கத்தில், ‘கிஃப்ட்’ என்று ஒரு சொல். ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தோசப்பட்டேன். அகராதியில் பரிசே இல்லை. கலியாணம் முடித்தவர் என்று இருந்தது. இன்னொரு பொருள், நஞ்சு.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“வடிவாப் பாத்தனியே?” என்றா அம்மா.

“ஓம் அம்மா. அகராதியில கிடக்கு.”

மாமா அதற்குள் போனை எடுத்துவிட்டார். “பொஞ்சாதியை வைச்சுக்கொண்டோ பொம்பிளை கேக்கிறாய்? எங்களுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சியோ? எங்கட பொடியன் கொலிஜ் படிக்கிறவன்!”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றவர் போனை என்னிடம் நீட்டினார்.

“தம்பி,” என்றது டென்மார்க் குரல். “அந்தச் சொல்லுக்கு மேல் வரியைப் பாரும். கடைசியில ஒரு எழுத்து நிக்குதே?”

நின்றது. சின்னதாக ஒரு ‘யூ’, பக்கத்தில் ஒரு சிறு கோடு. வரியில் இடம் போதாமல் சொல்லை உடைத்து அச்சடித்திருந்தார்கள்.

“அதையும் சேர்த்து வாசியும். கலியாணம் ஆகாதவர் எண்டு வரும்.”

“அண்ணை, எனக்கு...”

“தெரியாட்டி என்னட்டைக் கேட்டிருக்கலாமே, தம்பி.” வைத்துவிட்டார்.

அக்கா வேலையால் வந்ததும் அம்மா எல்லாவற்றையும் சொன்னா. அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சஞ்சிகையை வாங்கினா. நான் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

“உந்த ஒரு எழுத்தோ?” என்றா. எனக்கு ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அதே பக்கத்தில் இருந்த அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு, சஞ்சிகையை மெதுவாக மூடினா.

மாமாவும் அம்மாவும் நானும் மாறி மாறி டென்மார்க்குக்குப் போன் அடித்தோம். மாமா அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில். கடைசியில் அவருடைய தாய் எடுத்து, “நாங்கள் வேற இடம் பாக்கிறம், இனிப் போன் எடுக்காதேங்கோ” என்றா.

ரெலிபோன் அக்காவின் பெயரில் இருந்தது. மாத முடிவில் பில் வந்தபோது, ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல், தன் சம்பளத்தில் கட்டினா: இருநூற்றுப் பதினேழு டொலர் நாற்பது சதம்.