லொறியின் நெற்றி

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் லொறியின் வரலாற்றைக் கேட்காமல் போக முடியாது. நான் தொடங்கியதும் என் கணவர் தேநீர் போட எழுந்துவிடுவார். போருக்குப் பிறகு வீதியும் வீடும் திரும்பக் கட்டிய ஜப்பானுக்கு எங்கள் லொறி போன்ற நடுத்தர லொறிகள் தேவைப்பட்டன. பிறகு உலகத்துக்கே தேவைப்பட்டன. உதிரிகளாகப் பெட்டிகளில் அடைத்து இந்தோனேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் துருக்கிக்கும் அனுப்பி அங்கேயே பொருத்திப் பூட்டினார்கள். சில நாடுகளில் வேறு பெயரை ஒட்டி விற்றார்கள். ஒரு காலத்தில் நியூசிலாந்திலும் ஜப்பான் லொறிகளைப் பூட்டியிருக்கிறார்கள்.

"லோரிக்கு என்ன பரம்பரை லா, டீசல் ஊத்துனா ஓடும்" என்பார் கணவர். அவர் மலேசியாக்காரர், நான் யாழ்ப்பாணம்.

எங்களுடையது ஜப்பானில் ஓடிவிட்டு ஆக்லாந்துக்குக் கப்பலேறி வந்த லொறி. அலுவலக வேலை அலுத்துப்போய், கனரக லைசென்ஸ் எடுத்து, அதை வாங்கினேன். ஆக்லாந்தின் தெற்கே விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில், சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் ஓடிக் காட்டு, சரிவந்தால் அந்த வேலை நிரந்தரமாக உனக்கு என்றார்கள். எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டியை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

அதற்கு முதல்நாள் மாலை, தகனினி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் பூசை செய்தோம். ஏறி நசுக்கச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. சந்தனக் கிண்ணத்தோடு நின்ற கணவர் கேட்டார்.

"லோரிக்கு நெத்தி எங்க?"

முகப்பின் நடுவில் வழுவழுப்பான கறுப்புத் தகடு ஒன்று இருந்தது. அதில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமமும் வைத்தார். கலியாண மாப்பிள்ளை போல இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை மோட்டர்வேக்கு ஏறுமுன்பே மஞ்சள் விளக்கு எரிந்தது. திரையில் ஜப்பானிய எழுத்து. ஓரங்கட்டிவிட்டுக் கைபேசியைக் காட்டினேன். "முன்புறம் அழுக்காக உள்ளது, சுத்தம் செய்யவும்" என்று மொழிபெயர்த்தது. கணவரை அழைத்தேன்.

"லைட் பத்தியிருக்கு. முன்னுக்கு ஏதோ அழுக்காம்."

"அழுக்கா? நேத்துதானே கழுவி சாமி கும்பிட்டோம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய லொறிகளில் அந்த இடத்தில் வெறும் தகரம்தான். இந்தக் காலத்து லொறியில் அதற்குப் பின்னால் ராடார் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துப் பிரேக் பிடிப்பது அதுதான்.

"நீங்கள் லொறியின்ர கண்ணில பொட்டு வைச்சிருக்கிறியள்" என்றேன்.

அவர் விடவில்லை.

"ஊருக்கெல்லாம் அதோட வரலாறு சொல்றியே, அங்க கண்ணு இருக்குன்னு எனக்குச் சொல்லலையே."

இறங்கி, தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து, சட்டைக் கையால் தேய்த்தேன். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துடைத்தேன். இந்த வேலை கைவிட்டுப் போனால் பழைய மேசைக்குத்தான் திரும்ப வேண்டும் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

ஓட்டத் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் விளக்கு அணைந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

விரியில் கிடங்கு வாசலில் எனக்கு முன்னால் இதே முகமுள்ள லொறிகள் வரிசையாக நின்றன. ஒன்றின் கண்ணாடிக்குள் செபமாலை, ஒன்றில் சிப்பி மாலை, ஒன்றில் யாரோ ஒரு குழந்தையின் படம். கறுப்புத் தகட்டில் மட்டும் ஒருவரும் கைவைக்கவில்லை. எல்லோரும் பட்டுத் தெளிந்தவர்கள்போலும். காவலாளி என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினார்.

மாலையில் வேலை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது கணவர் மறுபடியும் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். இந்த முறை அவர் லொறிப் பக்கம் போகவில்லை. நான் இறங்கும்வரை காத்திருந்து, என் நெற்றியில் வைத்தார்.