சவுண்ட் சுத்தமாக இருந்தது

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் செக்கு. ஆபீஸில் சவுண்ட் வேலை அவனுடையது. காலையில் மீட்டிங் அறைக்குள் நுழைந்து ஒவ்வொரு மைக்கின் முன்னும் குனிந்து “செக், செக்” என்பான். சாயங்காலம் வரை அதே பாட்டுதான். செக்குமாடு என்று சீண்டியவர்களும் உண்டு. மாடு சுற்றினால் எண்ணெயாவது வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த மைக்குக்குப் போவான்.

அந்த அறையைக் கட்டியவனைத்தான் கட்டி வைத்து உதைக்க வேண்டும். மூன்று பக்கமும் கண்ணாடி, நடுவில் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் மேஜை. தலைமை அலுவலகத்துப் பெரியவர் அங்கிருந்து லைனில் பேசினால், அவர் குரல் எங்கள் ஸ்பீக்கரில் வந்து, கண்ணாடியில் முட்டி, மைக்கில் ஏறி, அவர் காதுக்கே திரும்பிப் போகும். அவர் கத்துவார். செக்கு திரைச்சீலை கேட்டான், தரைக்கு விரிப்பு கேட்டான். அறையின் அழகு கெட்டுவிடும் என்றார் மேனேஜர். வேறு வழியில்லாமல், எதிரொலியை அமுக்கும் மெஷினை உச்சத்தில் வைத்தான். அந்த மெஷினுக்கோ செக்குக்கும் சிவலிங்கத்துக்கும் பேதம் தெரியாது. பெரியவர் பேசும்போது இந்தப் பக்கம் யார் வாயைத் திறந்தாலும் எதிரொலி என்று நினைத்து, அவருக்குப் போகவிடாமல் விழுங்கிவிடும். பெரியவருக்குக் குறுக்கே பேச எங்களில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது என்பதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அவனுடைய அக்கா எங்களோடு பார்சல் பிரிவில் இருந்தாள். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள். வீட்டில் கணவன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பிரிவை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், வாய் கிழியப் பேசுகிற நாங்களெல்லாம் பின்னால் நகர்ந்து, அதிர்ந்து பேசத் தெரியாத அவளை முன்னால் தள்ளினோம்.

மீட்டிங்கில் படம் கிடையாது, குரல் மட்டும்தான். பெரியவர் நிறுத்தாமல் பேசினார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் அக்கா ஆரம்பித்தாள்; அவர் தொடர்ந்தார். அவளும் நிறுத்தவில்லை. இந்த வயதில் எங்களை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள், வேறு பிரிவிலாவது போடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அறையில் இருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செக்குவின் ஹெட்போனில், அந்தப் பக்கம் போகிற சத்தம் மட்டும் வரும். அதில் “இந்த வய...” என்று ஒரு துண்டு கேட்டது, அப்புறம் ஒன்றுமே இல்லை. இதை அவன் பிறகு என்னிடம் மட்டும் சொன்னான்.

பதறிப்போய் மெஷினை அடியோடு இறக்கியிருக்கிறான். உடனே பெரியவர் குரல் அவர் காதிலேயே போய் அறைந்தது. அந்த இரைச்சலை நிறுத்தச் சொல்லி எரிந்து விழுந்தார். மேனேஜர் செக்குவைப் பார்த்து விரலை உயர்த்தினார். அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவன் திரும்ப ஏற்றினான். தெரிந்தேதான் ஏற்றினான். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்று யாரும் சுலபமாகச் சொல்லலாம். அவனுக்கும் வயிறு இருந்தது.

“மூடறதுன்னு முடிவு பண்ணியாச்சு” என்றார் பெரியவர். “சவுண்ட் இப்ப சுத்தமா இருக்கு.”

லைன் துண்டானதும் செக்கு மேனேஜரிடம் ஓடினான். அக்கா பேசியது அங்கே போகவில்லை, இன்னொரு முறை கூப்பிடுங்கள் என்று கெஞ்சினான். போயிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, முடிவு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது என்றார் மேனேஜர், செல்போனிலிருந்து தலையை எடுக்காமல்.

பஸ் நிறுத்தத்துக்கு நாங்கள் மூவரும் சேர்ந்து நடந்தோம். அக்கா அழவில்லை. தெம்பாகக்கூட இருந்தாள்.

“போனா போகட்டும்டா. மனசுல இருந்ததை ஒண்ணு விடாம சொல்லிட்டேன். குறுக்க பேசினாலும் அவரு கேட்டுக்கிட்டுதானே இருந்தாரு?”

“கேட்டாருக்கா” என்றான் செக்கு.

“நீ சவுண்டுல இருக்கேன்னுதான் எனக்குப் பேசவே தைரியம் வந்துச்சு” என்றாள்.